ஒன்றுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று

"சார், உங்க ஊர்ல இன்னும் ஒரு மோடத்துக்கு ஒரு மோடம்னு வெச்சுத்தான் ஓட்டுறீங்களாமே? நாலு லிங்க் இருக்கிற எடத்துக்கு அது போதும்தான்."

சென்னையில் ஒரு செய்மதித் தரைநிலையத்தின் உபகரண அறையில் வைத்து ஓர் இளம் பொறியாளர் இப்படிச் சொன்னார். என்னை நோகடிக்கும் எண்ணம் அவரிடம் இருக்கவில்லை. காலையிலிருந்து கூடவே நடந்து, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, மத்தியானம் தன் வீட்டுச் சோற்றையும் பகிர்ந்துகொண்ட பிள்ளை. ஆனாலும் அந்தப் "போதும்தான்" எனக்குள் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் செய்மதி மொடங்களைக் கட்டிய முறையை, ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு என்று அவர் எண்ணிவிட்டார். அது அப்படியல்ல. அன்று அவரிடம் விரிவாகச் சொல்ல நேரமிருக்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இந்தப் பந்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம். தொலைபேசியோ இணையமோ, தரையிலிருந்து வரும் தரவை 70 மெகாஹேர்ட்ஸ் அல்லது எல்-பாண்ட் அலையில் ஏற்றி மேலே அனுப்பக் கொடுப்பதும், கீழே வரும் அலையிலிருந்து தரவைப் பிரித்துத் தருவதும் மொடத்தின் வேலை. அது செத்தால் இணைப்பும் செத்தது. ஆகவே இன்னொரு மொடத்துக்கு மின்சாரம் கொடுத்து, அதன் அலை வெளியே போகாமல் அடைத்து, காத்திருக்க வைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே இருந்து பழுதை உணர்ந்து, தரவுக் கேபிளையும் அலைக் கேபிளையும் காவல் மொடத்தின் பக்கம் திருப்புவது ரிடன்டன்சி சுவிட்ச். ஒரு வேலை மொடத்துக்கு ஒரு காவல் மொடம் என்றால் ஒன்றுக்கு ஒன்று. பத்து மொடங்களுக்குப் பொதுவாக ஒன்றே காவல் என்றால் பத்துக்கு ஒன்று. காம்டெக் ஈஎஃப் டேட்டாவின் சிஆர்எஸ்-300 இந்த இரண்டாம் வகையில் பலரும் அறிந்த பெட்டி. அதன் பின்புறத்தில் ஒவ்வொரு வேலை மொடத்துக்கும் ஓர் இடைமுக அட்டை செருகப்படும்; காவல் மொடத்துக்கு வேறொரு அட்டை உண்டு.

அந்த அட்டைகளில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் ரவுட்டர் வி.35 பேசும். இன்னொருவரின் தொலைபேசி நிலையம் ஜி.703 பேசும், அதாவது விநாடிக்கு 2.048 மெகாபிட் போகும் ஈ1. அந்த ஈ1 உம் 75 ஓம் பிஎன்சி கேபிளில் வரலாம், 120 ஓம் முறுக்குச் சோடியிலும் வரலாம். வேகம் கூடியதற்கு எச்எஸ்எஸ்ஐ, தொலைக்காட்சிக்கு ஏஎஸ்ஐ என்று வேறு வாய்கள் இருக்கின்றன. மொடத்தில் ஒரு வகை, சுவிட்சில் இன்னொரு வகை என்று அட்டை அமைந்துவிட்டால், பழுது வரும் நாளில் சுவிட்ச் ஒழுங்காகத் திரும்பும், காவல் மொடமும் செய்மதியைப் பிடித்துப் பச்சை விளக்குக் காட்டும், தரவு மட்டும் ஒரு பிட்கூடப் போகாது. எல்லா விளக்கும் பச்சையாக இருக்க வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துவார். அதைவிடக் கொடிய இரவு இந்தத் தொழிலில் இல்லை.

எங்கள் முறைக்கு வருகிறேன். இலங்கைக்குப் பாதுக்கைத் தரைநிலையம் 1970களின் நடுவில் வந்தது. வெளிநாட்டு அழைப்புகளை இந்துசமுத்திரத்தின் மேல் நின்ற இன்டெல்சாட் செய்மதி வழியாக அது சுமந்தது. அந்தத் தலைமுறைப் பொறியியலாளர்களிடம் தொழில் பழகியவர்கள்தான் பின்னர் நாட்டின் மற்ற நிலையங்களுக்குப் போனார்கள். என்னைப் பழக்கியவரும் அந்த வழி வந்தவர்தான். அவர் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் எண்ணும் நிறமும் போடுவிப்பார். எழுத்தில் பெயர் எழுத விடமாட்டார். எங்கள் அறையில் சிங்களம் பேசுபவர் இருந்தார், தமிழ் பேசுபவர் இருந்தார், கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. எண்ணும் நிறமும் மூவருக்கும் பொது. காலி நகரில் இருந்து வந்த ஓர் இளைஞர் என்னை "அய்யா" என்பார். அது அவர்கள் மொழியில் அண்ணன். நான் அவரை "மல்லி" என்பேன். இரவு இரண்டு மணிக்கு அவர் "அய்யா, ஏழு சிவப்பு" என்றால், எந்தக் கேபிள் எந்த அட்டையில் என்பது நான் படுக்கையில் இருந்து எழும்ப முன்னமே எனக்குத் தெரியும்.

வடக்கில் அப்போது செய்மதி இணைப்பு என்பது வேறு வழி இல்லாத இணைப்பாக இருந்தது. 2006 ஆகஸ்டில் போரால் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு தெற்கிலிருந்து ஒரு திருகாணி கொண்டுவருவதுகூடக் கப்பலையும் அனுமதியையும் பார்த்த வேலை. யாழ்ப்பாணம் தேசிய மின்வலைப்பின்னலோடு சேராமல் சுன்னாகத்து டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்த காலம் அது. மின்னழுத்தம் நினைத்தபடி ஏறும், இறங்கும். மொடத்தின் மின்வழங்கிதான் முதலில் போகும். ஆகவே எங்கள் முதல் விதி, வேலை மொடமும் காவல் மொடமும் ஒரே மின்சாரத்தைக் குடிக்கக் கூடாது. ஒன்றுக்கு யூபிஎஸ், மற்றதற்கு 48 வோல்ட் பற்றரி. பல நிலையங்களில் இரண்டையும் ஒரே பலகையில் செருகி வைத்துவிட்டு ரிடன்டன்சி இருக்கிறது என்று எழுதி வைப்பார்கள். மின்வெட்டு இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும்.

இரண்டாம் விதிதான் அந்தப் பிள்ளை கேட்டது. ஒவ்வொரு வேலை மொடத்துக்கும் அதே மாதிரி, அதே மென்பொருட் பதிப்பு, அதே அட்டை கொண்ட ஒரு காவல் மொடம். காசு இரட்டிப்பு, உண்மைதான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றால் காவல் மொடம் தன் வேலையை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. அதிர்வெண், பண்பேற்றம், பிழைதிருத்தக் குறியீடு, அலைவலு எல்லாம் அதற்குள் ஏற்கெனவே இருக்கின்றன. சுவிட்ச் செய்ய வேண்டியது திருப்புவது மட்டும். பத்துக்கு ஒன்றில் காவல் மொடம் நாட்டுக்கூத்து அண்ணாவியார் மாதிரி இருக்க வேண்டும்: பத்து ஆட்டக்காரரில் யார் விழுந்தாலும் அவருடைய பாட்டையும் அந்தக் கணமே பாட வேண்டும். சுவிட்ச் ஒவ்வொரு வேலை மொடத்தின் அமைப்பையும் முன்கூட்டியே வாசித்து வைத்திருந்து, ஒன்று விழுந்ததும் அந்த அமைப்பைக் காவல் மொடத்துக்குள் ஏற்றி, பிறகுதான் கேபிளைத் திருப்பும். காவல் மொடத்தில் பத்துப் பேரின் எல்லா வாய்களும் இருக்க வேண்டும். பத்துப் பேரில் ஒருவருக்கு டர்போ குறியீட்டு அட்டை இருந்தால் அதற்கும் இருக்க வேண்டும். ஒருவருக்கு உயர்வேகத்துக்கான உரிமம் இருந்தால் அந்த உரிமமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒன்பது பேருக்கு மட்டுமே காவல். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பது பழுது வரும்வரை யாருக்கும் தெரியாது.

இந்தியாவின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புனேக்கு அருகே ஆர்வியில் விக்ரம் தரைநிலையம் 1971இலேயே வந்துவிட்டது, எங்களுக்கு முன்னர். 1983இல் இன்சாட்-1பி மேலே போன பிறகு, வாடகைக்கு எடுத்த செய்மதியில் அல்லாமல் தங்கள் சொந்தச் செய்மதியில் தங்கள் நாட்டை இணைத்தவர்கள். தேசியப் பங்குச் சந்தை 1994இல் வணிகத்தைத் தொடங்கியபோது நாடு முழுவதிலும் இருந்த தரகர்களைச் செய்மதி வழியே, விசாட் டிஷ்களில் இணைத்தது. அந்த அளவில் இணைப்புகள் இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று கட்டினால் அறை முழுக்க மொடமாகத்தான் இருக்கும்; மின்கட்டணமும் குளிரூட்டியும் அதற்குமேல். பத்துக்கு ஒன்று அவர்களுக்கு இயல்பாக வந்த முடிவு. அவர்கள் அதை அழகாகவும் செய்கிறார்கள். நான் சென்னையில் பார்த்த றாக்கில் கேபிள்கள் பின்புறத்தில் சீவி வாரிய தலைமுடிபோல இருந்தன. சுவிட்சுக்கு இரண்டு மின்வழங்கி, இரண்டும் வேறு வேறு மின்வழியில். அட்டைகளின் பட்டியல் கதவின் உட்பக்கத்தில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதில் நான் பொறாமைப்பட்டேன்.

சொற்களும் என்னை அன்று முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தன. நாங்கள் செய்மதி என்பது அவர்களுக்குச் செயற்கைக்கோள். எங்கள் மொடம் அங்கே மோடம்; எங்கள் பொறியியலாளர் அங்கே பொறியாளர்; நான் எல்லோரையும் "சேர்" என்றேன், அவர்கள் என்னை "சார்" என்றார்கள். மின்பிறப்பாக்கி என்றதும் அந்தப் பிள்ளை ஒரு கணம் நின்று, "ஜெனரேட்டரா சார்? நல்லா இருக்கே" என்றார். காவல் மொடத்தை நாங்கள் "பக்கப்" என்போம். அங்கே "ஸ்டாண்ட்பை" என்கிறார்கள். பத்துப் பேர் ஒரே றாக்கைப் பார்த்து நின்ற இடத்தில் நான் ஒருவன்தான் வேறு சொல்லில் பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அட்டையைக் கையில் எடுத்துக் காட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஜி.703 இரண்டு கரையிலும் ஜி.703தான்.

சோதிக்கும் முறையில்தான் எனக்கும் அவர்களுக்கும் உண்மையான வித்தியாசம். அங்கே காவல் மொடத்தைச் சோதிக்க வேண்டுமானால் கணினித் திரையில் இருந்து கட்டளை கொடுத்துச் சுவிட்சைத் திருப்புகிறார்கள். முன்கூட்டியே அனுமதி, நேரம், வாடிக்கையாளருக்கு அறிவிப்பு எல்லாம் உண்டு. ஒழுங்கான வேலை. ஆனால் அந்தக் கட்டளை சுவிட்சின் தசையைத்தான் சோதிக்கிறது. அதன் காதைச் சோதிப்பதில்லை. மொடம் பழுதாகும்போது அதன் பின்னாலுள்ள பழுது ரிலே விழும். அந்த ரிலேயிலிருந்து ஒரு மெல்லிய வயர் சுவிட்சுக்குப் போகிறது. அந்த வயர் அறுந்திருந்தாலோ, அந்த முனை துருப்பிடித்திருந்தாலோ, கட்டளைக்குச் சுவிட்ச் ஒழுங்காகத் திரும்பும். உண்மையான பழுதுக்குத் திரும்பாது. ஆகவே எங்கள் ஆட்கள் வேலை மொடத்தின் மின்வயரை நேரே இழுத்துப் பார்ப்பார்கள். மின்சாரம் போனதும் ரிலே விழுந்தாக வேண்டும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சுவிட்ச் கேட்டதா, திரும்பியதா, தரவு மறுபக்கம் போய்ச் சேர்ந்ததா என்று மூன்றையும் ஒரே இழுவையில் பார்த்துவிடலாம். கடற்காற்று உள்ள ஊரில் இந்த வயரைத்தான் உப்பு முதலில் தின்னும். சென்னையிலும் கடல் இருக்கிறது.

இதை நான் சொன்னபோது அந்தப் பிள்ளை சிரித்தார். "சார், இங்க மார்க்கெட் நேரத்துல யாராவது பவர் கேபிளைத் தொட்டா வேலை போயிடும்." அவர் சொன்னதும் சரிதான். பங்குச் சந்தை காலை 9:15 முதல் பிற்பகல் 3:30 வரை ஓடும். அதற்குள் ஒரு நிமிடம் இணைப்புப் போனாலும் காசு போகும், வழக்கும் வரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. இரவு இருக்கிறதே. நாங்கள் எங்கள் சோதனையை விடியப்புறம், தொலைபேசி அழைப்பு மிகக் குறைந்த நேரத்தில் செய்தோம். ஒவ்வொரு அட்டையையும், ஒவ்வொரு மாதமும். அங்கே அதைச் செய்யும் வழக்கத்தை நான் காணவில்லை. பகல்நேரத்தில் போனவனுக்கு இரவுவேலை தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வானத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடவே எழுத வேண்டும், ஏனெனில் சுவிட்ச் தவறாகத் திரும்புவது பெரும்பாலும் வானத்தால்தான். வருடத்தில் இரண்டு தடவை சூரியன் சில நாட்களுக்குச் செய்மதிக்கு நேர் பின்னால் வரும். அந்தச் சில நிமிடங்கள் சூரியனின் இரைச்சல் செய்மதியின் அலையை மூழ்கடிக்கும். எல்லா மொடங்களும் ஒரே நேரத்தில் பிடியை விடும். இதன் நாள் அகலாங்கைப் பொறுத்து மாறும். வசந்த காலத்தில் தில்லியில் மார்ச் 8ஐ ஒட்டி உச்சம் பெறும்; சென்னையில் 14ஐ ஒட்டி; யாழ்ப்பாணத்தில் 16ஐ ஒட்டி. பிறகு சூரியன் தெற்கே திரும்பும்போது வரிசை தலைகீழாகும். யாழ்ப்பாணத்துக்குச் செப்டம்பர் 27ஐ ஒட்டி முதலில் வரும், தில்லிக்கு ஒக்டோபர் 5ஐ ஒட்டிக் கடைசியில் வரும். ஒரே செய்மதியைத்தான் பார்க்கிறோம், ஆனாலும் தெற்கே இருப்பவனுக்குச் சமஇரவு நாளை நெருங்கித்தான் இந்தத் தொல்லை. டிஷ் நிற்கும் சாய்வும் அப்படியே. கிழக்கு நெடுங்கோடு 83 பாகையில் நிற்கும் ஓர் இந்தியச் செய்மதியைப் பார்க்க தில்லி டிஷ் 56 பாகை உயர வேண்டும், சென்னை டிஷ் 74. எங்கள் டிஷ் ஏறக்குறைய 78 பாகை, அண்ணாந்து உச்சியைப் பார்த்த மாதிரி. மாரி மழையில் அதற்குள் தண்ணீர் நிற்காமல் வடியும் ஓட்டைகளைப் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை.

இப்படிச் சூரியனாலோ மழையாலோ மொடம் பிடியை விடும்போது சுவிட்ச் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது. மொடத்தில் பழுதில்லை, காவல் மொடத்துக்குத் திருப்பினாலும் அதற்கும் அதே வானம்தான். ஆகவே நாங்கள் மொடத்தின் பழுது அட்டவணையில் வாங்கும் அலை போனது என்ற அறிவிப்பை மறைத்துவிட்டு, மொடத்தின் சொந்தப் பழுதுக்கு மட்டும் சுவிட்சைத் திரும்ப விட்டோம். சென்னையில் அதை மறைக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தை மட்டும் நீட்டி வைத்திருந்தார்கள்.

அதற்கு அந்தப் பிள்ளை சொன்ன காரணம் நல்ல காரணம். மொடத்தின் வாங்கும் பகுதி மட்டும் கெட்டால், அதுவும் பிடிவிட்டதாகத்தான் தெரியும். மறைத்துவிட்டால் அந்தப் பழுதை யாரும் காணமாட்டார்கள். பத்து மொடங்கள் ஒரே செய்மதியைப் பார்க்கும் இடத்தில் பத்தும் விழுந்தால் வானம், ஒன்று மட்டும் விழுந்தால் மொடம் என்று காவல் இருப்பவர் கண்டுகொள்ளலாம். எங்களிடம் இரண்டு மூன்று இணைப்புகள்தான். அப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் இல்லை. எண்ணிக்கை கூடினால் அறிவும் கூடுகிறது என்பதை இந்த ஒரு இடத்தில் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்வது மனிதன், சுவிட்ச் அல்ல. மனிதன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அறையில் எப்போதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலைவலு பற்றியும் சொல்ல இருக்கிறது. காவல் மொடத்துக்குப் போகும் கேபிளின் நீளம் கொஞ்சம் வேறுபட்டால், திருப்பும்போது அலை ஒரு டெசிபெல் குறைந்தோ கூடியோ வெளியே போகும். கூடினால் செய்மதியில் பக்கத்து இணைப்பைக் கெடுக்கும். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்துச் சிக்கந்தராபாத்திலுள்ள அரசுக் கட்டுப்பாட்டு மையம் தரைநிலையங்களைச் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே அலையை ஏற்ற விடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்தக் கண்டிப்பால் அவர்களின் கேபிள்கள் அளந்து வெட்டியவை. எங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1996இன் சட்டத்திருத்தத்தோடு வந்தது, ஆனால் அலையை அளக்க நாங்கள் செய்மதி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்துக்கே தொலைபேசி எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல அரை டெசிபெல் அரை டெசிபெல்லாகக் குறைப்போம். இந்தியாவின் ஒழுங்கு இதில் மேலானது.

உதிரிப்பாகத்தில் எங்களுக்கு நிகர் யாரும் இல்லை என்று சொல்வேன். வேறு வழியில்லாமல் வந்த திறமை அது. சென்னையில் ஓர் அட்டை கெட்டால் முகவரின் ஆளை அழைத்து, அதே மாதிரி அட்டையைச் சில நாட்களில் பெற்றுவிடலாம். எங்களுக்கு 2022இல் நாட்டிடம் டொலரே இல்லை. அந்த ஆண்டு மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. டீசலுக்கு வரிசை. அப்போது எங்கள் நிலையத்தில் ஒரு ஜி.703 அட்டை கெட்டது. புதியது வாங்க வழியில்லை. கழற்றிப் போட்ட பழைய மொடம் ஒன்றிலிருந்து ரிலேயை எடுத்து ஒட்டி அதே அட்டையை மீட்டவர் அந்தக் காலிப் பையன்தான். ஒன்றுக்கு ஒன்று என்று கட்டியிருந்ததால் அந்த நாட்களில் ஒரே ஓர் இணைப்புத்தான் காவல் இல்லாமல் நின்றது, மற்றவை அசையவில்லை. பத்துக்கு ஒன்றாக இருந்து பொது அட்டை போயிருந்தால் பத்தும் காவல் இழந்திருக்கும்.

இந்தியாவில் இப்படியான கடினம் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் போனது. அதுவரை போர்ட் பிளேயரின் இணையம் முழுவதும் செய்மதியில் தொங்கியது. லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கேபிள் 2024 ஜனவரியில்தான். அந்தத் தீவுகளில் மொடங்களைக் காத்தவர்களை நான் சந்தித்ததில்லை. சந்தித்தால், அவர்களும் மின்வயரை இழுத்துத்தான் சோதிப்பார்கள் என்று துணிந்து சொல்வேன். தீவில் வேலை செய்பவனுக்கு இன்னொரு தீவில் வேலை செய்பவன் கை தெரியும்.

சின்ன ஊர் என்ற பேச்சுக்கு வருகிறேன். புவிநிலைச் சுற்றுப்பாதையில் செய்மதிகளை நிறுத்தி உலகை இணைக்கலாம் என்று 1945இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை எங்கள் நாட்டில்தான் வாழ்ந்தார். 1975இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி வழியே தொலைக்காட்சி காட்டிய சைட் திட்டத்தின்போது, இஸ்ரோ ஆட்களே கொழும்புக்கு வந்து அவருடைய வீட்டில் டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே இல்லை. அது 1979இல்தான் வந்தது. இந்தச் செய்தியை அந்தப் பிள்ளை அறிந்திருக்கவில்லை. அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது, "இஸ்ரோ அங்கயும் போயிருக்கா சார்!" என்று. நான் அதைக் கொழும்பின் பெருமையாகச் சொன்னேன். அவர் அதை இஸ்ரோவின் பெருமையாக எடுத்துக்கொண்டார். இருவரும் சரி.

கொழும்புத் தலைமையகத்துக்குப் போனால் நான் யாழ்ப்பாணத்தான். சென்னையில் இறங்கினால் "சிலோனா? உங்க தமிழ் ரொம்ப அழகு சார்" என்பார்கள், அன்போடுதான். அழகு என்று சொல்லும்போது அது வேறு இடத்தின் தமிழ் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். என் தொழிலிலும் அதே கண்ணோடு பார்க்கப்படுவதை நான் விரும்பவில்லை. எங்கள் றாக் அழகானதோ பழையதோ அல்ல. அது போரில், மின்வெட்டில், கடல் உப்பில், டொலர் இல்லாத ஆண்டில் விழாமல் நின்ற றாக். சோற்றைப் பகிர்ந்த அந்தப் பிள்ளையின் நிலையம் அந்தச் சோதனைகளில் ஒன்றையாவது கண்டிருக்குமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

இப்போது எங்கள் நிலையத்திலும் காலம் மாறுகிறது. கண்ணாடியிழை வந்துவிட்டது, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்கும் இலங்கையில் சேவை தொடங்கிவிட்டது. செய்மதி மொடங்கள் இனிக் கேபிள் அறுந்தால் எழும்பும் காவல் வேலைக்குத்தான். அந்தக் காவல் வேலைக்கென்று தலைமையகம் பத்துக்கு ஒன்று வகைச் சுவிட்ச் ஒன்றை அனுப்புகிறது. நான் எதிர்க்கவில்லை. ஆனால் மூன்று விடயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து இடத்திலும் மொடம் செருகக் கூடாது, நான்கோடு நிறுத்த வேண்டும். அந்த நான்கும் ஒரே வகை வாயாக, ஜி.703 75 ஓமாக, இருக்க வேண்டும். காவல் மொடம் பற்றரியில் இருக்க வேண்டும். சென்னையில் கண்ட அட்டைப் பட்டியலை நாங்களும் அச்சடித்துக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப் போகிறோம், எண்ணும் நிறமும் போட்டு. மாதச் சோதனை மட்டும் பழையபடி, விடியப்புறம், மின்வயரை இழுத்து. மல்லி அதற்கு இப்போதே நாள் குறித்துவிட்டார்.